கதிர் சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன பிறகு என்ன பார்க்க வேண்டும்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவில் தேயிலைக் கொழுந்து பறித்த என் அம்மாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். வெற்றிலைதான். கதிர் வைத்து ஏழு வருடம் ஆகிறது. நோய் திரும்பவில்லை, ஆனால் கதிர் பட்ட இடத்தை இன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பல்லைப் பாருங்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். அங்கே பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். எத்தனை வருடம் போனாலும் அந்த ஆபத்து போகாது. அம்மா வலி தாங்காமல் டவுனில் பல் பிடுங்க உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை, ஊசி போடுமுன் நான் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சிகிச்சை விவரம் எழுதிய கிளினிக் கொப்பி எப்போதும் பையில் இருக்கும். பல் மருத்துவர் யாராக இருந்தாலும் முதல் வார்த்தையே கதிர் என்பதாக இருக்கட்டும்.

எச்சில் குறைவதால் பல் வேகமாகச் சொத்தையாகும். சீனியை நக்கி நக்கிப் பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். போத்தலில் தண்ணீர் வைத்து அடிக்கடி ஒரு மிடறு குடிக்கட்டும். ஃபுளோரைடு அதிகமுள்ள பற்பசையை மருத்துவரிடம் கேளுங்கள்.

வாய் திறப்பு குறைகிறதா? மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழையாவிட்டால் உடனே காட்டுங்கள். சொல்லித்தரும் தாடைப் பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள்.

அப்புறம் தைராய்டு. அம்மா இரண்டு சுவெட்டர் போட்டும் நடுங்கினார், எப்போதும் அசதி. மலைக்குளிர் என்றுதான் நினைத்தோம், ஆனால் கதிர் பட்ட தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் இப்படி ஆகும். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை வேண்டும், நீங்களே கேட்டு வாங்குங்கள்.