ஹைப்ரிட் மாநாடு: தொழில்நுட்பத்தில் சறுக்கும் இடங்கள்

ஹாலிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் நடக்கும் ஹைப்ரிட் மாநாட்டை நடத்தப் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்லைடுகளை முன்கூட்டியே வாங்குவது, ஒத்திகை பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஒலியைக் கடைசியில் யோசிப்பது

கேமராவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒலி என்று வந்தால், "ஹாலில்தான் மைக் இருக்கிறதே!" அந்த மைக் ஹாலில் இருப்பவர்களுக்கு. அதன் சத்தம் ஸ்பீக்கரில் வந்து, சுவரில் மோதி, மேடை லேப்டாப்பின் மைக்கில் விழுந்து இணையத்துக்குப் போனால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும். எல்லா மைக்குகளும் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு ஆக்ஸ் லைன் (கூடுதல் ஒலி வெளியீடு) எடுத்து, ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்ப மாற்றித்தரும் பெட்டி) வழியாக லேப்டாப்புக்குக் கொடுங்கள். அந்த ஆக்ஸ் ப்ரீ ஃபேடராக இருக்கட்டும், அதாவது ஹால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுப்பதாக. போஸ்ட் ஃபேடர் என்றால், ஹாலில் மைக் கத்துகிறதென்று சவுண்ட்காரர் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் இணையத்திலும் பேச்சு தேய்ந்துபோகும்.

இணையம் வழியாக ஒருவர் பேசப்போகிறார் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அவர் குரல் ஹாலில் கேட்க வேண்டும், ஆனால் அவருக்கே திரும்பிப் போகக் கூடாது. அவருக்குப் போகும் ஆக்ஸில் அவர் குரல் வரும் சேனலை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட வேண்டும். இதைத்தான் மிக்ஸ் மைனஸ் என்பார்கள். ஒரு மாநாட்டில் இதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். பேச்சாளர் வாக்கியத்துக்கு வாக்கியம் நின்றார். தன் குரலே சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்கு குழறத்தான் செய்யும். ஏற்பாட்டாளர்களோ, "உங்கள் இன்டர்நெட் சரியில்லை போல" என்று அவரிடமே சொன்னார்கள். பாவம், மனுஷன் ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே வந்தார். கோளாறு இருந்தது மிக்ஸரில், ஒரே ஒரு குமிழில். தன் குரலே எதிரொலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில்தான் தேட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டுவது, "மைக் வேண்டாம், நானே சத்தமாகப் பேசுவேன்" என்று எழுந்து நிற்கும் பார்வையாளர். ஹால் முழுக்கக் கேட்கும். இணையத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நீண்ட மௌனம், அப்புறம் எந்தக் கேள்விக்கென்றே தெரியாத ஒரு பதில். பதிவிலும் அப்படியே இருக்கும், பிறகு சரிசெய்யவே முடியாது. மைக் கைக்கு வரும்வரை கேள்வியைத் தொடங்க விடாதீர்கள். தொடங்கிவிட்டாரா, நெறியாளர் அதை மைக்கில் திருப்பிச் சொல்லட்டும்.

ஹாலுக்கு வெளியே ஒருவரை உட்காரவைத்து, சாதாரணப் பங்கேற்பாளராக லாகின் செய்து, ஹெட்ஃபோனில் முழு நேரமும் கேட்கச் சொல்லுங்கள்.

நேரலைத் தாமதம்

ஜூம் மாதிரியான சந்திப்பில் தாமதம் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பெரிய கூட்டத்துக்கான நேரலை பெரும்பாலும் எச்எல்எஸ் என்ற, ஆப்பிள் உருவாக்கிய முறையில் போகிறது. அதில் வீடியோ துண்டு துண்டாகச் செல்லும். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு துண்டுக்கு 6 நொடி. சில துண்டுகள் சேர்ந்த பிறகே பிளேயர் ஓட்டத் தொடங்குவதால், பார்ப்பவர் சுலபமாக 20 நொடி பின்தங்கிவிடுவார். "ஆன்லைனில் கேள்வி ஏதும் இல்லை போலிருக்கிறது" என்று நெறியாளர் சொல்லும்போது அவர்களுக்குக் கேள்வி நேரமே தொடங்கியிருக்காது. வாக்கெடுப்பை ஒரு நிமிடமாவது திறந்து வையுங்கள்.

வைஃபையில் நேரலை

வேண்டாம். கேபிள்.

கியூஆர் நுழைவு

வாசலில் கூட்டம் சேர்ந்ததும் நெட் படுத்துவிடும். நெட் இல்லாமலும் நுழைவு வேலை செய்கிறதா என்று, முந்தின நாளே ஸ்கேன் செய்யும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள்.

நேரம்

வெளிநாட்டிலிருந்து சேர்பவர்களுக்காக நிரலில் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கிலும் நேரத்தைப் போடுங்கள்.

ஒரே ஹோஸ்ட்

ஹோஸ்ட் (இணையச் சந்திப்பை நடத்துபவர்) லேப்டாப் ஹாலின் நெட்டிலேயே இருந்தால், அது அறுந்ததும் இணையக் காத்திருப்பு அறையில் நிற்பவர்களை உள்ளே விட ஆளில்லாமல் போகலாம். இணை ஹோஸ்ட் ஒருவர் வேறு கட்டடத்தில், வேறு இணைப்பில் இருக்கட்டும். அவரிடம் ஸ்லைடுகளின் பிரதி ஒன்றும் இருக்கட்டும்.