ஃபவுண்டேஷன் கிளாஸில் சேர்க்கலாமா? பணம் கட்டும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

பரீட்சை முடிகிற நேரத்தில் பள்ளி வாசலிலேயே நோட்டீஸ் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஐஐடி நுழைவுத் தேர்வுக்குச் சின்ன வகுப்பிலிருந்தே தயார் செய்யும் ஐஐடி ஃபவுண்டேஷன், ஒலிம்பியாட் என்ற கணிதப் போட்டிக்கான பயிற்சி, இன்னும் என்னென்னவோ. "உங்க பொண்ணு கணக்குல நூறு வாங்குறாளே, இன்னுமா சேர்க்கல?" என்று யாராவது கேட்டுவிட்டால் நமக்கும் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. அவசரப்படாமல் ஓரிரு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். 6, 7, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கணக்கு வராது என்றாலும் இதைச் செய்ய முடியும்.

படி 1: அது என்ன மாதிரி வகுப்பு?

"அட்வான்ஸ்டு மேத்ஸ்" என்ற ஒரே பெயரில் இரண்டு வகை நடக்கிறது. முதல் வகை, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடத்தை ஏழாம் வகுப்பிலேயே நடத்தி முடிப்பது. இன்னொன்று, பிள்ளைக்குத் தெரிந்த கணக்கிலேயே ஆழமாக யோசிக்க வைப்பது. ஒலிம்பியாட் இரண்டாவது வகை. அதன் முதல் தேர்வான ஐஓக்யூஎம் (IOQM, இந்திய அளவிலான தகுதித் தேர்வு) 8 முதல் 12 ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. 3 மணி நேரம், 30 கேள்விகள். சராசரியாக ஒரு கேள்விக்கு 6 நிமிடம். அடுத்த கட்டமான ஆர்எம்ஓவில் (RMO, வட்டார அளவிலான ஒலிம்பியாட்) அதே 3 மணி நேரத்துக்கு 6 கேள்விதான், ஒவ்வொன்றையும் நிரூபித்துக் காட்ட வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் வரும் நுண்கணிதம் (கால்குலஸ்) ஒலிம்பியாட் பாடத்திட்டத்திலேயே கிடையாது. மேல்வகுப்புப் பாடத்தை ஓட்டமாக முடித்த பிள்ளையும் இங்கே திணறுவது இதனால்தான்.

சேர்க்கப்போகும் இடத்தில் ஏற்கெனவே படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கம் பக்கமாகச் சூத்திரமும், எண்ணை மட்டும் மாற்றிய ஒரே மாதிரிக் கணக்குகளும் இருந்தால் அது முதல் வகை.

படி 2: அஸ்திவாரம்

மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்:

8 + 4 = __ + 5

கோடிட்ட இடத்தில் 7 வர வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிலேயே சிலர் 12 என்று போடுவார்கள், சிலர் 17 என்பார்கள். சமக்குறியைப் பார்த்ததும் "கூட்டி விடை எழுது" என்றே அவர்களுக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்னும் மனதில் பதியவில்லை. இயற்கணிதம் முழுக்க இந்த ஒரு குறியின் மேல்தான் நிற்கிறது. இங்கே ஆட்டம் இருந்தால் x வந்ததும் பிள்ளை மனப்பாடத்துக்குத் தாவிவிடும்.

அடுத்து பின்னம். 3/5 பெரியதா, 4/7 பெரியதா? 21/35, 20/35 என்று மாற்றி 3/5தான் பெரியது என்று சொன்னால் நல்லது. "இரண்டுமே பாதிக்கு மேல, ஆனா..." என்று தன் வழியில் யோசிக்க ஆரம்பித்தால் இன்னும் நல்லது. பிறகு அரையைக் காலால் வகுத்தால் ஏன் 2 வருகிறது என்று கேளுங்கள். "தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்" என்பது விதி, காரணம் இல்லை. "அரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் டம்ளரில் ஊத்தினா ரெண்டு டம்ளர் வரும்" என்கிற மாதிரி ஒரு பதில் வந்தால் விஷயம் புரிந்திருக்கிறது.

படி 3: மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறது?

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பாடப்புத்தகத்தில் வழி சொல்லித்தராத ஒரு கேள்வியைக் கொடுங்கள். உதாரணமாக, 1 முதல் 100 வரை எழுதினால் 7 என்ற இலக்கத்தை எத்தனை தடவை எழுதுவோம்?

பெரும்பாலும் முதலில் 10 அல்லது 19 என்று வரும். சரி, தப்பு எதுவும் சொல்லாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சில பிள்ளைகள் உடனே உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் பென்சிலை எடுத்து 7, 17, 27 என்று எழுதிப் பார்ப்பார்கள். எழுபதுகளுக்கு வந்ததும், "அய்யோ, 77ல ரெண்டு இருக்கே!" என்று தானாகவே திருத்திக்கொண்டு 20க்கு வந்துசேர்வார்கள். அப்போது, "1 முதல் 1000 வரைன்னா?" என்று கேளுங்கள். ஒன்றாம் இடத்தில் 100, பத்தாம் இடத்தில் 100, நூறாம் இடத்தில் 100, ஆக மொத்தம் 300. விடை வராவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி சாப்பிடும்போது தானாக அந்தப் பேச்சை எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால், வகுப்பில் 75 மார்க் வாங்கும் பிள்ளையாக இருந்தாலும் தயார் என்றே சொல்வேன். அவசரத்தில் கூட்டல் தவறு செய்வதும் கோணல் கையெழுத்தும் இதற்குத் தடையே இல்லை.

மாறாக, 100 வாங்கும் பிள்ளை இரண்டு நிமிடத்தில் கண்கலங்கி நோட்டை மூடிவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். தப்பு செய்தால் கெட்ட பெயர் என்ற பயம் முதலில் போக வேண்டும், அது வீட்டில்தான் போகும். அபாகஸ் வகுப்பில் பெற்ற வேகத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தனித் திறமை.

படி 4: பிள்ளையிடமே கேளுங்கள்

அப்பா அம்மா சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்காமல், ஒருவர் மட்டும், கடைக்கு நடந்து போகும்போது கேளுங்கள். நண்பன் சேர்ந்தான் என்பதற்காக ஆசைப்படுகிறதா, கணக்குக்காகவா என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். தூக்கத்தையும் விளையாட்டையும் வெட்டித்தான் நேரம் தேட வேண்டும் என்றால் இந்த வருடம் வேண்டாம்.

வீட்டில் மகனும் மகளும் இருந்தால் இதே சோதனைகளை இருவருக்கும் வையுங்கள். பையனுக்கு ஃபவுண்டேஷன், பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பே போதும் என்று யோசிக்காமலே முடிவெடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

படி 5: ஒரு மாதம் மட்டும்

வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதக் கட்டணத்தில் சேர்த்து, வாரம் ஒருமுறை "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஒரு கணக்கைக் குறிப்பிட்டுச் சொன்னால் வகுப்பு பொருந்துகிறது. "எல்லாமே" என்றாலோ, வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் செலவில்லாத வழிகள் உண்டு. சென்னையிலுள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்எம்டிசி (NMTC) என்ற கணிதத் திறன் போட்டியை 5 ஆம் வகுப்பிலிருந்தே நடத்துகிறது. அதன் பழைய கேள்வித்தாளில் வாரம் ஒரு கேள்வியை எடுத்துக் குடும்பமாக உட்கார்ந்து போடுங்கள். ஆறு மாதம் கழித்து மூன்றாம் படியை வேறொரு கேள்வியோடு திரும்பச் செய்து பாருங்கள்.