கிணற்று நீரில் ஃபுளோரைடு: என் அனுபவம்

பாலக்கோட்டில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிவாக இருக்கும், உப்புக் கரிக்காது. ஆனால் மகளின் முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. தர்மபுரி மாவட்டத்தில் அப்படியென்றால் முதல் சந்தேகம் ஃபுளோரைடின் மேல்தான்; பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் இந்த உப்பு மிகுந்தால் பற்களில் கறை விழும்.

குழாய் வேலைக்கு வந்தவர் டிடிஎஸ் மீட்டரை நீரில் முக்கி, "480தான், நல்ல தண்ணீர்" என்றார். அந்தக் கருவி மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது.

மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதே நீரில் அலசிய பிளாஸ்டிக் கேனில் விளிம்புவரை பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தேன். (கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும்.) ஃபுளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். இந்தியத் தர அளவுப்படி 1.0 வரை ஏற்கலாம். வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை.

கொதிக்கவைத்தால் போதாதா என்றார் மாமியார். கொதித்தால் நீர்தான் ஆவியாகும். ஃபுளோரைடு அங்கேயே தங்கி இன்னும் செறியும். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு மாறினோம். உலைக்கும் அதே நீர்தான். சோறு உறிஞ்சுவதும் வயிற்றுக்குள்தானே போகிறது! குழாயில் வராத நாட்களுக்கு, கிணற்று நீரைச் சவ்வு வழியே வடிகட்டும் சிறிய ஆர்ஓ கருவி. அதன் நீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன்: 0.3. கிணற்று நீர் இப்போது துணி துவைக்க மட்டும்.