"வேல்யூ பத்தலை சார்" என்று வங்கி சொன்னால்: புதிய மதிப்பீட்டாளர்களுக்கான செய்முறை

கடனுக்கு அடமானம் வைக்கும் சொத்தை மதிப்பிட்டு ரிப்போர்ட் கொடுத்த மறுநாளே வங்கிக் கிளையிலிருந்து போன் வரும்: "சார், பார்ட்டிக்கு 60 லட்சம் வேணும். உங்க வேல்யூல வரல. கொஞ்சம் பாருங்க." வங்கி பேனலில் (வங்கி ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர் பட்டியலில்) புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பேனல் போய்விடுமோ என்று பயந்து சிலர் தொகையை ஏற்றிவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் நியாயமான கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. வங்கிக்குக் குறை சொல்ல உரிமை உண்டு, தொகையைச் சொல்ல உரிமை இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக் கையாளும் முறை கீழே. பட்டா, எஃப்எம்பி (நில அளவை வரைபடம்), தேய்மானக் கணக்கு எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேட்கும் தொகை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு இது: கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90%, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. உங்கள் மதிப்பு ₹65.2 லட்சம் (மனை 43.2, கட்டடம் 22) என்று வையுங்கள். 80% போட்டால் ₹52.16 லட்சம்தான் வரும். 60 லட்சம் கொடுக்க மதிப்பு 75 லட்சம் இருந்தாக வேண்டும். "75 கிட்ட கொண்டு வாங்க" என்று யாராவது சொன்னால், அந்த எண் கடன் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது புரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

படி 2: போனில் வந்ததை எழுத்தில் வாங்குங்கள்

வாக்குவாதம் வேண்டாம். "சரிங்க சார், எந்த அளவு தவறு, எந்த விற்பனையை நான் பார்க்கலைன்னு ஒரு மெயில் போட்டுடுங்க, பார்த்துட்டு பதில் தரேன்" என்றால் போதும். குறை உண்மையானதாக இருந்தால் மெயில் வரும். வெறும் அழுத்தமாக இருந்தால் பெரும்பாலும் வராது. வராவிட்டால் நீங்களே அனுப்புங்கள்: "இன்று 11.20 மணிக்குத் தொலைபேசியில் மதிப்பை உயர்த்தக் கேட்டீர்கள். ஆதாரம் அனுப்பினால் பரிசீலிக்கிறேன்." இந்த இரண்டு வரிதான் பின்னாளில் உங்களுக்குத் துணை நிற்கும்.

படி 3: முதலில் உங்கள் தவறைத் தேடுங்கள்

வங்கி சொல்வது சரியாக இருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: உட்பிரிவுக்கு முந்தைய சர்வே எண்ணைப் போட்டிருப்பது, அடுக்குமாடியில் நிலத்தின் பிரிபடாத பங்கைத் தவறாக எடுத்தது, மாடியில் பின்னால் கட்டிய பகுதியை விட்டது, கட்டட வயதைக் கூட்டிப் போட்டது. பத்திரம், பட்டா, நேரில் அளந்தது என மூன்று அளவும் மாறினால், குறைந்ததை எடுத்ததற்கான காரணம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள்.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. லேசர் மீட்டர் வீட்டுக்குள் அருமை. வெயிலில் அதன் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, மனை எல்லைக்கு 30 மீட்டர் டேப்பே நம்பகம். கட்டட வயதில் தகராறு என்றால் கூகுள் எர்த் புரோவின் பழைய செயற்கைக்கோள் படங்கள் போல உதவுவது வேறில்லை. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடம், நேரத் தகவல் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அவர்கள் தரும் ஒப்பீடுகளைச் சோதியுங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. பலர் வந்ததை அப்படியே ஏற்கிறார்கள், அல்லது பார்க்காமலே தள்ளுகிறார்கள்.

அதே மனையை எடுத்துக்கொள்வோம்: 2,400 சதுர அடி, 23 அடி தெரு. நீங்கள் எடுத்த மூன்று விற்பனைகள் சரிக்கட்டிய பின் சதுர அடிக்கு ₹1,760, ₹1,800, ₹1,840. நீங்கள் போட்டது ₹1,800. இப்போது கிளை மூன்று ஒப்பீடு அனுப்புகிறது.

முதலாவது, இணைய விளம்பரம், ₹2,600. இது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. "பார்க்கப்பட்டது, பரிவர்த்தனை இல்லாததால் எடுக்கவில்லை" என்று எழுதுங்கள். பேசாமல் விட்டால் பார்க்கவே இல்லை என்பார்கள்.

இரண்டாவது, ஆறு மாதம் முன் ₹2,300க்கு விற்ற 1,200 சதுர அடி மனை. 40 அடி சாலை, கார்னர். சாலை அகலத்துக்கு 12%, கார்னருக்கு 5%, சின்ன மனைக்குச் சதுர அடி விலை கூடுதலாக வரும் என்பதால் 5%, ஆக 22% கழித்தால் ₹1,794. அதாவது உங்கள் மதிப்பையே அது உறுதி செய்கிறது. இந்தச் சதவீதங்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் ஏரியாவில் சாலை முகப்பு மனையும் உள் தெரு மனையும் விற்ற ஜோடிகளிலிருந்து நீங்களே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அதே மனைப்பிரிவில் அதே அகலத் தெருவில் 2,000 சதுர அடி. மதிப்பீட்டுத் தேதிக்கு இரண்டு மாதம் முன் ₹1,950. பரப்புக்கு 2% கழித்தால் ₹1,911. இது நல்ல ஆதாரம். உங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால் ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை. இதற்குக் கூடுதல் எடை கொடுத்து ₹1,850 என்று மாற்றினால் மனை ₹44.4 லட்சம், மொத்தம் ₹66.4 லட்சம். ₹1.2 லட்சம் கூடியது. 75 ஆகவில்லை, ஆகவும் ஆகாது.

மதிப்பீட்டுத் தேதிக்குப் பின் நடந்த விற்பனை என்றால் இந்த ரிப்போர்ட்டில் சேராது. புதிய தேதியில் புதிய மதிப்பீடு கேட்கச் சொல்லுங்கள்.

சரிபார்க்கும்போது வரும் பெரிய சிக்கல் நம் ஊருக்கே உரியது. ஆவண எண் வாங்கி, பதிவுத்துறை தளத்தில் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டால் கைமாற்றுத் தொகை தெரியும். ஆனால் பல பத்திரங்களில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பு) ஒட்டிய தொகைதான் இருக்கும், உண்மையில் கைமாறியது வேறு. அதனால் பத்திரத் தொகையை மட்டும் நம்பாமல் விற்பனை ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்றம், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இரண்டு தரகர்களின் பேச்சு ஆகியவற்றோடு ஒத்துப்பாருங்கள். யாரிடம் எப்போது கேட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். வழிகாட்டி மதிப்பையே சந்தை மதிப்பாகக் காட்டி வாதாடினால் இதைச் சொல்லுங்கள்: 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33% குறைத்தது, அன்று எந்த மனையும் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை.

படி 5: பதில் கொடுங்கள்

பழைய பிடிஎஃப்பைத் திருத்தி அதே தேதியில் அனுப்பவே கூடாது. "இன்ன தேதி ரிப்போர்ட்டுக்கான இணைப்பு, மாற்றக் காரணம் இது" என்று புதிய எண்ணும் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். மாற்றம் இல்லை என்றாலும் ஒப்பீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் இருக்கட்டும். வேர்டு கோப்பைக் கிளைக்கு அனுப்ப வேண்டாம். எக்ஸெல் கணக்கில் ஃபார்முலாவை அழிக்காமல் வையுங்கள்.

படி 6: அதற்குப் பிறகும் அழுத்தம் என்றால்

"வேற வேல்யூவர் 75 போட்டுட்டார்", "ஃபீஸ் அப்புறம் பார்க்கலாம்", "அடுத்த ஃபைல் வராது". இவை குறை அல்ல, அழுத்தம். ஐபிபிஐ (இந்தியத் திவால் வாரியம்) பதிவு உள்ளவர்களுக்கு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகளோடு வரும் நடத்தை நெறி, வாடிக்கையாளர் வசதிக்கேற்ற மதிப்பீட்டையும், வெற்றியைப் பொறுத்த கட்டணத்தையும் நேரடியாகத் தடை செய்கிறது. அதை மேற்கோள் காட்டி, உங்களைப் பேனலில் சேர்த்த மண்டல அலுவலகத்துக்கு மெயில் விவரங்களுடன் எழுதுங்கள். குற்றம்சாட்டும் தொனி வேண்டாம், நடந்ததைத் தேதிவாரியாக வைத்தால் போதும். கட்டணம் வங்கி வழியாகவே வரட்டும். கடன் வாங்குபவரிடமோ ஏஜென்டிடமோ கைநீட்டி வாங்கினால் உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

ஏற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடன் மோசடி என்று அறிவிக்கப்பட்டால், அதில் பங்குள்ள மதிப்பீட்டாளர் பெயரை வங்கி இந்திய வங்கிகள் சங்கத்துக்கு அனுப்பும். அங்கிருந்து எச்சரிக்கைப் பட்டியல் எல்லா வங்கிகளுக்கும் போகும். மேனேஜர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார், கையெழுத்து உங்களுடையது.

பின்சேர்க்கை

பலர் கேட்டது: "ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே போன்ல ஒரு தோராயம் கேட்கறாங்களே?" சொல்லாதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன எண்ணை வைத்துக் கிளை வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடும், பிறகு குறைந்தால் நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள் என்பார்கள். "சைட் பார்த்து, ஒப்பீடு முடிச்ச பிறகுதான் சார்" என்று முதல் ஃபைலிலேயே பழக்கிவிடுங்கள்.

இன்னொன்று, தலைகீழ் அழுத்தம். சர்ஃபேசி சட்டப்படி நடக்கும் ஏலத்தில் (கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி விற்பது) சீக்கிரம் விற்க வேண்டும் என்று மதிப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அந்தச் சட்டத்துக்கான 2002 விதிகளின் 8(5)இன்படி அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு வாங்கி, ரிசர்வ் விலையை (ஏலத்தின் குறைந்தபட்ச விலை) நிர்ணயிப்பது வங்கி அதிகாரியின் வேலை. அவர் குறைத்து வைக்க நினைத்தால் அது அவர் பொறுப்பு. உங்கள் சந்தை மதிப்பை இறக்கத் தேவையில்லை. அவசர விற்பனை மதிப்பைத் தனி வரியில், எத்தனை சதவீதம் ஏன் கழித்தீர்கள் என்ற காரணத்தோடு கொடுங்கள். கடன் வாங்கியவர் வழக்குப் போட்டால் முதலில் கேட்கப்படுவது அந்தக் காரணம்தான். கோப்புகளை மதிப்பீட்டுப் பணி முடிந்ததிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன முன்பு சொன்ன 2017 விதிகள். வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை வையுங்கள்.