மன அழுத்தம் குறைய, குடல் நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுவது எப்படி?

நேர்முகத் தேர்வு நாளன்று காலையில் வயிற்றைக் கலக்குகிறதே, அது வெறும் பிரமை அல்ல. பதற்றம் வந்ததும் இரைப்பை மெதுவாகிறது, பெருங்குடல் வேகமெடுக்கிறது. குடலிலிருந்தும் மூளைக்குச் செய்தி போகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்ந்த எலிகளுக்கு நெருக்கடி வந்தபோது அழுத்த ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரந்தன. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபசில்லஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையை எலிகளுக்குக் கொடுத்தார்கள்; பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அந்தப் பலன் காணாமல் போனது.

ஆனால் அதே பாக்டீரியாவை 2017இல் ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. விலை உயர்ந்த புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற வேதிப்பொருளில் பெரும்பங்கு குடலில் உருவாகிறது என்பது உண்மைதான். ஆனால் அது அப்படியே மூளைக்குள் போய்ச் சேர்வதில்லை.

மனிதர்களிடம் நம்பிக்கை தருவது முழு உணவு மாற்றமே. 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மனச்சோர்வு உள்ள 67 பேர் 12 வாரம் கலந்துகொண்டார்கள். பருப்பு, காய்கறி, முழுதானியம் மிகுந்த உணவுக்கு வழிகாட்டப்பட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான். என்றாலும், மாத்திரைக்குப் போகும் பணம் பயறுக்கும் கீரைக்கும் போகட்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் நார்ச்சத்து

பெருங்குடல் பாக்டீரியாக்களின் தீனி நார்ச்சத்து. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடல் சுவரைக் காக்கின்றன. நாளொன்றுக்கு 30 கிராம் அளவுக்கு நார்ச்சத்து தேவை. நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூடத் தேறுவது கடினம். வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் அரை கப் சாப்பிட்டால் சுமார் 6 கிராம், ஒரு கொய்யாப்பழத்தில் 5 கிராம் அளவுக்குக் கிடைக்கும்.

பலரும் தவறுவது இங்கேதான். முதல் நாளே இரண்டு கப் சுண்டல் சாப்பிட்டு, வயிறு உப்பியதும் விட்டுவிடுவார்கள். முதல் வாரம் கால் கப் போதும். இரண்டாம் வாரம் அரை கப். கூடவே தினம் ஒரு பழம். மூன்றாம் வாரம் மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ அவரைப் பொரியலோ வையுங்கள். கடலையை 10 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் வாயு குறையும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும்.

பிறகு உயிருள்ள புளிப்பு

இட்லி மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடுகின்றன. கொதித்த மோர்க்குழம்பும் அப்படியே. உயிரோடு உள்ளே போவது தயிர், மோர், பழைய சோறு.

தயிருக்கு அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு (40–45 டிகிரி) ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி உறைமோர் கலக்கவும். சென்னை வெயிலில் ஐந்தாறு மணி நேரம் போதும். ஊட்டிக் குளிரில் இரவு முழுக்க ஆகும். பால் அதிகச் சூடாக இருந்தால் உறைமோரின் பாக்டீரியா செத்து, தயிர் தோயாது. தினம் ஒரு கிண்ணம் போதும்.

பழைய சோற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். புழுங்கலரிசிச் சோற்றை வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சுத்தமான மண்சட்டிக்கு மாற்றி, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி காய்ச்சி ஆறிய நீர் ஊற்றி மூடுங்கள். முந்தைய நாள் நீராகாரம் ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். 8 முதல் 10 மணி நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். சோற்றைக் குவியலாக மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. நூல் போல இழுபட்டாலோ, வழவழத்தாலோ, நிறம் மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் சோறுதான், அளவு முக்கியம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பழைய சோற்றைத் தவிர்ப்பது நல்லது. ஐ.பி.எஸ். (அடிக்கடி வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் தரும் குடல் கோளாறு) உள்ளவர்களுக்கு வெங்காயமும் பயறும் வலியைக் கூட்டலாம். உணவியல் நிபுணரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

சாப்பிடும் முன் ஐந்து நிமிடம்

பதற்றத்தோடு விழுங்கும் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கும். உட்கார்ந்து 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

இரவில் ஒரு நோட்டில் தூக்கம், வயிறு, மனநிலை மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்தால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிபடும். பெரும்பாலும் வயிறுதான் முதலில் சீராகும். மனநிலைக்கு ஒன்றிரண்டு மாதமாவது கொடுங்கள்.

மனநல மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்க வேண்டாம்: இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.