'இயர்ஸ் அண்ட் இயர்ஸ்' பார்க்கும்போது டிக் அடிக்காதீர்கள்

இந்தத் தொடரைப் பார்த்து முடித்தேன் என்று யாராவது சொன்னால், அடுத்து என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "2019லேயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, பாத்தீங்களா!" உடனே பட்டியல் ஆரம்பமாகும். ட்ரம்ப் இரண்டாவது முறை, டிக். உக்ரைனில் ரஷ்யா, டிக். படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் அகதிகள், டிக். நானும் முதல் தடவை இப்படித்தான் பார்த்தேன். அதனால் தொடரில் பாதியைத் தவறவிட்டேன் என்பது இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் புரிந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிரிட்டனின் பிபிசி ஒன் தொலைக்காட்சியில் 2019 மே 14 முதல் ஜூன் 18 வரை வாரம் ஒன்றாக ஆறு பகுதிகள் ஒளிபரப்பாயின. எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ். மான்செஸ்டரை வேராகக் கொண்ட லயன்ஸ் குடும்பத்தின் கதை. பாட்டி மியூரியல், அவருடைய பேரப்பிள்ளைகள் ஸ்டீபன், ஈடித், டேனியல், ரோஸி, அவர்களுடைய துணைகள், பிள்ளைகள். 2019இல் ஒரு குழந்தை பிறப்பதில் தொடங்கி 2034 வரை கதை போகிறது. முடிவு உட்பட எல்லாவற்றையும் கீழே பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கும் ஓடிப்போகாது.

முதல் தவறு, மேலே சொன்ன அந்த ஜோசியக் கணக்கு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தக் கணக்கே சரியாக வராது. தொடரில் ட்ரம்ப் 2020 தேர்தலில் ஜெயித்துத் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பதவியில் இருக்கிறார். போகிற நேரத்தில் ஹாங் ஷா டாவ் என்ற சீனாவின் செயற்கைத் தீவு மீது அணு ஏவுகணையை வீசிவிட்டுப் போகிறார். நிஜத்தில் அவர் 2020இல் தோற்றார், 2024இல் மறுபடி வென்றார், அப்படியொரு தீவும் இல்லை. இதற்கு டிக்கா, தப்பா? முழு மதிப்பெண்ணா, அரை மதிப்பெண்ணா?

டேவிஸ் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கவில்லை. எழுதும்போது அவர் மேசையில் கிடந்தவை பழைய செய்திகள்தான். ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது 2014இல். குடியேறியவர்களுக்குப் பிரிட்டனில் வாழ்க்கையையே சிரமமாக்கும் சூழலை உருவாக்கப்போவதாக, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே அறிவித்தது 2012இல். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் வாக்கெடுப்பு 2016 ஜூன் 23. நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் பணத்தை எடுக்க மக்கள் வரிசையில் நின்றது 2007 செப்டம்பர். இவை எல்லாவற்றையும் எடுத்து, இன்னும் கொஞ்சம் இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று மட்டும் அவர் பார்த்தார். டிக் அடிப்பவர்களுக்கு இது எதிர்காலம் பற்றிய தொடர். அவர்கள் கண்ணில் படாமல் போவது என்னவென்றால், 2019க்கு முன்பே நடந்துவிட்டதைக் கூட லயன்ஸ் வீட்டில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது.

அடுத்த தவறு, தொடரில் பிரதமர் பதவி வரை போகிற அரசியல்வாதி விவியன் ரூக்கை நாயகி என்றோ வில்லி என்றோ எடுத்துக்கொண்டு அவருக்காகவே பார்ப்பது. எம்மா தாம்சன் நடிப்பதால் இது இயல்புதான். அவர் வந்தால் கண் வேறு எங்கும் போகாது. ஆனால் ரூக் எங்கே வருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் டிவிக்குள். முதல் பகுதியின் ஆரம்பத்தில் ஒரு விவாத நிகழ்ச்சி. இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றிக் கேட்கும்போது, அதைப் பற்றித் தனக்கு ஒரு மயிரளவும் கவலை இல்லை என்று கெட்ட வார்த்தையோடு சொல்கிறார். குப்பைத்தொட்டியை ஒழுங்காக எடுத்துப்போனால் போதுமாம். அந்தக் காட்சியில் கேமரா அவர் முகத்தில் நிலைத்திருப்பதில்லை. வெவ்வேறு வீடுகளில் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற லயன்ஸ் குடும்பத்திடம் திரும்பத் திரும்பப் போகிறது. ஒருத்தர் முகம் சுளிக்கிறார், ஒருத்தர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "மனசுல பட்டதைச் சொல்ற ஆளு" என்று ரோஸிக்கு அவரைப் பிடித்துப்போகிறது. சக்கர நாற்காலியில் வாழ்கிற, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற, ரொம்பவும் நல்லவளான ரோஸிக்கு. பின்னால் அதே ஆட்சி அவள் குடியிருக்கும் பகுதியைச் சுற்றித்தான் வேலி போடுகிறது. ரூக்கின் கதையை எழுத அரைப் பக்கம் போதும். சோபாவில் இருப்பவர்களின் கதைக்குத்தான் ஆறு மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது.

வங்கி திவாலாகும் இரண்டாம் பகுதியைப் பலர் 'பொருளாதாரச் சமாச்சாரம்' என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அணுகுண்டைவிட அதுதான் பயமாக இருந்தது. ஸ்டீபன் நிதி ஆலோசகர். அடுத்தவர் பணத்துக்கு வழி சொல்வதே அவன் தொழில். லண்டன் வீட்டை விற்ற பணம், பத்து லட்சம் பவுண்டுக்கு மேல், இடைப்பட்ட சில நாளைக்கு அவன் கணக்கில் கிடக்கிறது. அந்தச் சில நாளில் வங்கி விழுகிறது. தொடர் வந்த காலத்தில் பிரிட்டனில் வங்கி முழுகினால் ஒருவருக்குச் சாதாரணமாக உத்தரவாதமாகத் திரும்பக் கிடைத்தது 85,000 பவுண்டு. தொடரில் ஸ்டீபனுக்கு மிச்சம் போனது போனதுதான். வங்கி வாசல் கூட்டத்தில் அவனும் ஒருவனாக முண்டியடிக்கிறான். பிறகு சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறான். கணக்காளரான அவன் மனைவி செலெஸ்ட்டின் வேலையை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. பாட்டி வீட்டில் போய்த் தங்குகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் ஐந்தாம் பகுதியில் ஸ்டீபன் செய்வது புரியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான்காம் பகுதியைப் பற்றி நிறையப் பேர் கேட்கும் கேள்வி: "டேனியலை ஏன் கொன்னாங்க?" டேனியல் மான்செஸ்டர் மாநகராட்சியின் வீட்டுவசதி அலுவலர். அகதிகளுக்குக் கூரை ஏற்பாடு செய்வது அவன் வேலை. அங்கே வந்து சேர்ந்த உக்ரைன்காரன் விக்டரைக் காதலிக்கிறான். ஆணை நேசித்ததற்காகச் சொந்த ஊரில் சித்திரவதைப்பட்டவன் விக்டர். பிரிட்டன் அவனைத் திருப்பி அனுப்பிவிட, டேனியல் அவனை மீட்டுக் கொண்டுவர நாடு நாடாக அலைந்து கடைசியில் இருவரும் ஒரு ரப்பர் படகில் ஏறுகிறார்கள். விக்டர் கரை சேர்கிறான். டேனியல் பிணமாக ஒதுங்குகிறான்.

'நம்ம ஆள்' செத்து 'அந்த ஆள்' பிழைத்தது அநியாயம் என்று தோன்றினால், அந்த எண்ணத்தை அங்கேயே கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள். டேனியல் பிரிட்டிஷ் குடிமகன். அந்தப் படகில் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள். விக்டரைத் தனியே விட மனமில்லாமல் ஏறினான். நான்கு வாரமாக நாம் பழகிய முகம் என்பதால் அழுகிறோம். அதே படகில் போன மற்றவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அரசுக் கணக்கில் 2018இல் சிறு படகுகளில் கால்வாயைக் கடந்து பிரிட்டன் வந்தவர்கள் 299 பேர். 2022இல் 45,000க்கும் மேல். 2021 நவம்பர் 24 அன்று ஒரே படகு விபத்தில் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். தொடர் வந்தபோது இந்தக் காட்சி மிகை என்றுகூடத் தோன்றியிருக்கலாம்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு எரிச்சலூட்டும் தவறு ஒன்று உண்டு. ஆறாம் பகுதியில் பாட்டி மியூரியல் சாப்பாட்டு மேசையில் ஒரு பிரசங்கம் செய்வார். உலகம் இப்படி ஆனதற்கு நாம் எல்லோரும்தான் காரணம் என்பார். ஒரு பவுண்டுக்கு டி-ஷர்ட் கிடைக்கிறதே என்று வாங்கினோம். சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்ட பெண்களுக்குப் பதிலாக மெஷின் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது நமக்கு வசதியாகவே இருந்தது. பாட்டியாக நடிக்கும் ஆன் ரீட் இதைப் பேசும் விதம் அப்படியே உறைய வைக்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, 'தொடர் சொல்லவரும் கருத்து' என்று பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கதாபாத்திரம் பேசுவது. சொந்த வீட்டில், தன் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுகிறார். எல்லோரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றும் ஆகிவிடும். டி-ஷர்ட் வாங்கியவரும் வங்கியைக் கவிழ்த்தவரும் ஒரே தராசில் ஏறிவிடுவார்கள். குற்றம் எப்படி நடக்கிறது என்பதைத் தொடர் வேறோர் இடத்தில், பேச்சே இல்லாமல் காட்டியிருக்கிறது. அதைத்தான் யாரும் பகிர்வதில்லை.

ஐந்தாம் பகுதி. ரூக் பிரதமராகிவிட்டார். அகதிகளை அடைக்கும் 'எர்ஸ்ட்வைல்' என்று பெயரிட்ட ரகசிய முகாம்களைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறார். மூடிய அறையில் ஒப்பந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்கிறார்: இந்த வகை முகாம் ஒன்றும் புதிதல்ல, போயர் போரில் பிரிட்டிஷார் நடத்தியதுதான், நெரிசலும் நோயும் சேர்ந்தால் எண்ணிக்கை தன்னால் குறையும். (போயர் போர் 1899 முதல் 1902 வரை. அந்த முகாம்கள் நிஜம்.) அந்த அறையில் இருக்கிறான் ஸ்டீபன். பழைய பள்ளித் தோழன் ஒருவன் போட்டுக்கொடுத்த வேலை. வீடு போய், வேலை போய், மனைவி போய், தம்பியும் போன பிறகு கிடைத்த வேலை.

பிறகு அலுவலகத்தில் தனியாக, கணினி முன்னால் உட்காருகிறான். விக்டரின் பெயர் திரையில் வருகிறது. தம்பி சாவுக்கு விக்டர்தான் காரணம் என்று ஸ்டீபனுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு முகாமின் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்து எர்ஸ்ட்வைல் பட்டியலில் போடுகிறான். அவ்வளவுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. அலுவலக நேரத்தில் நாமெல்லாம் செய்வது போன்ற ஒரு வேலை. ஸ்டீபனாக நடிக்கும் ரோரி கின்னியர் அந்த இடத்தில் முகத்தில் எதையும் காட்டமாட்டார். ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறவர் போல இருப்பார். போனை நோண்டிக்கொண்டே பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நடந்ததே தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர், விக்டர் எப்படி அந்த முகாமுக்குப் போனான் என்று கடைசிப் பகுதி வரை புரியாமல் இருந்தார்.

கவனம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: ஆறு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். கதை புத்தாண்டு, பிறந்தநாள், தேர்தல் என்று ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது. விட்டு விட்டுப் பார்த்தால்தான் அந்தத் தாவல் உடம்பில் உறைக்கும்.

கடைசியாக பெத்தனி. ஸ்டீபன், செலெஸ்ட்டின் மகள். முகத்துக்கு மேலே கார்ட்டூன் முகத்தை ஒளியால் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரிகிற பெண். இவள் வரும் காட்சிகளை நகைச்சுவை என்று ஒதுக்குவது பரவலான தவறு. எழுத்தாளரே நம்மை அப்படித்தான் உள்ளே இழுக்கிறார் என்பதும் உண்மை. முதல் பகுதியில் அப்பா அம்மாவை உட்கார வைத்து, தான் 'ட்ரான்ஸ்' என்று சொல்கிறாள். அவள் இணையத்தில் என்ன தேடுகிறாள் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்த பெற்றோர், திருநம்பியாக மாற விரும்புகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, மனதைத் தயார்படுத்தி வைத்திருக்கிறார்கள். "பரவாயில்லம்மா, நாங்க இருக்கோம்" என்று உருகுகிறார்கள். அப்போது அவள் திருத்துகிறாள்: ட்ரான்ஸ்ஜெண்டர் இல்லை, ட்ரான்ஸ்ஹியூமன். இந்த உடம்பே வேண்டாம். மூளையை இறக்கி, டேட்டாவாக மாறி, சாவே இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் முன்னால் வரை உலகத்திலேயே பெருந்தன்மையான பெற்றோராக இருந்தவர்கள் கத்த ஆரம்பிக்கிறார்கள். தங்களுக்குப் பழகிப்போன மாற்றத்துக்கு மட்டும் அவர்கள் திறந்த மனம் தயாராக இருந்திருக்கிறது.

சிரித்துவிட்டுக் கடந்தவர்களுக்குத்தான் முடிவு 'திடீரென்று சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆகிடுச்சு' என்று தோன்றும். அணு வெடிப்பை அருகிலிருந்து பார்த்த ஈடித், அந்தக் கதிர்வீச்சால் 2034இல் செத்துக்கொண்டிருக்கிறாள். அவள் நினைவுகளை இறக்கிச் சேமிக்கிறார்கள். அது அவள்தானா, அவளுடைய நகலா, அது வேலை செய்ததா இல்லையா என்ற விவாதம் முடிவதே இல்லை. தொடர் அதற்குப் பதில் தரவில்லை, தராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அந்தக் காட்சியை ஓட்டிவிட்டு உடனே முதல் பகுதியின் பெத்தனி காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். டேட்டாவாகப் போகிறேன் என்ற பெண்ணிடம் எரிந்து விழுந்த அதே குடும்பம், பத்து வருடம் கழித்து, பேசும் கருவி ஒன்றைச் சுற்றிக் கூடி நின்று ஈடித்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.