காட்டுப்பன்றி இறைச்சி: துணிப்பை மட்டும் போதாது

கோலாலம்பூர் பக்கம் நள்ளிரவிலும் 23, 24 டிகிரி இருக்கும். வேட்டையாடிய காட்டுப்பன்றி இறைச்சியைக் குளிர்நாட்டுக்காரர்கள் போலத் துணிப்பையில் கட்டி மரத்தில் தொங்கவிட்டால் ஈ முட்டையிடாது, சரி, சூடு போகாதே! தொடை எலும்பை ஒட்டித்தான் முதலில் நாற்றம் கிளம்பும்.

எனக்குக் கைகொடுத்தது இதுதான்: உடனே தோலுரித்து, தொடையை எலும்புவரை கீறிவிடுவது. ஈரம் துடைத்து, நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்திப் பையில் போட்டு, அரை மணி நேரம் நிழல்காற்றில் காயவிட்டு, நேராக ஐஸ் பெட்டிக்கு. ஐஸுக்கு மேலே கம்பித் தட்டு, அதன்மேல் பை. தண்ணீர் வடியும் துளையைத் திறந்தே வையுங்கள். உருகிய நீரில் ஊறினால் இறைச்சி வெளுத்துச் சவசவத்துப்போகும். குப்பைப் பையா? வேண்டவே வேண்டாம், சூட்டைப் பூட்டிவைக்கும். உள்சதை 4 டிகிரிக்கு இறங்கிய பிறகே துண்டு போடணும்.

பையை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து ரத்தத்தைப் போக்குங்கள், பிறகு வாசனையில்லாத சோப்பு போட்டு வெந்நீரில் துவையுங்கள். வாசனைச் சோப்பு போட்டால் அடுத்த கறியில் மணக்கும்.